கிரேக்கர்கள் பூமியை அசையாமல் நிறுத்தியது விண்மீன்கள் இடம் மாறாததாலா?

கேள்வி இது: "பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் ஆறு மாத இடைவெளியில் விண்மீன்கள் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டும். அப்படித் தெரியாததால்தான் பண்டைக் கிரேக்கர்கள் பூமியை நடுவில் வைத்தார்கள் என்று படித்தேன். உண்மையா? இன்னும் கவனமாகப் பார்த்திருந்தால் அவர்களுக்கு அது தெரிந்திருக்குமா?"

இரண்டாவது கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: தெரிந்திருக்காது. முதல் கேள்விதான் சிக்கலானது. நீங்கள் படித்தது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்கு, கிரேக்கர்கள் இந்த இடமாறு தோற்றத்தை எவ்வளவு நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள் என்பதில் இருந்து தொடங்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், ஏதோ கண்ணுக்கு எட்டியதை மட்டும் நம்பிய அப்பாவிகள் போல அவர்கள் தெரிவார்கள். அது பெரிய அநியாயம்.

பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தப்பாக வரும் என்று படித்து, அதற்கு 'இடமாறு தோற்றப் பிழை' என்று பெயர் எழுதியிருப்போம். பார்க்கிற இடம் மாறினால், கிட்டே இருக்கிற பொருள் பின்னணியோடு ஒப்பிடும்போது நகர்ந்த மாதிரி தெரியும். வானியலில் அதே விளைவுதான் தூரத்தை அளக்கும் கருவி. நகர்ந்த கோணமும், நாம் இடம் மாறிய தூரமும் தெரிந்தால் பொருளின் தூரம் கிடைத்துவிடும். இதில் இரண்டு வகை உண்டு. பூமியின் மேல் இரண்டு ஊர்களில் இருந்து பார்ப்பது ஒன்று. பூமி தன் பாதையில் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் போன பிறகு பார்ப்பது மற்றொன்று. முதலாவது நிலாவுக்கு உதவும், இரண்டாவது விண்மீன்களுக்கு உதவும். கோணங்கள் சிறியவை என்பதால் ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பிரித்துச் சொல்கிறேன். முழு நிலாவின் அகலம் சுமார் 30 கலை. நல்ல கண்ணுக்குப் பிரித்தறிய முடிகிற எல்லை ஏறக்குறைய 1 கலை.

நிலாவை இந்த வழியில் அளந்தவர் ஹிப்பார்க்கஸ். கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்காரர், நைசியாவில் பிறந்து ரோட்ஸ் தீவில் வேலை செய்தவர். அவர் எடுத்துக்கொண்டது ஒரு சூரிய கிரகணம். ஹெலஸ்பாண்ட் பகுதியில், அதாவது இன்றைய துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைப் பக்கம், சூரியன் முழுதாக மறைந்தது. அதே கிரகணத்தில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் ஐந்தில் நான்கு பங்குதான் மறைந்தது. நம்மிடமும் இதே மாதிரி நடந்திருக்கிறது: 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் வளையமாகத் தெரிந்த கிரகணம், சென்னையில் வெறும் பகுதிக் கிரகணமாகத்தான் தெரிந்தது. நாம் படம் எடுத்துப் பகிர்ந்துகொண்டு விட்டுவிட்டோம். ஹிப்பார்க்கஸ் அந்த மீதி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்.

சூரியனின் அகலம் சுமார் அரைப் பாகை. அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 6 கலை. ஆக, ஹெலஸ்பாண்டில் நிற்பவருக்கும் அலெக்சாண்டிரியாவில் நிற்பவருக்கும் நடுவே நிலா 6 கலை இடம் மாறித் தெரிந்திருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் அட்சரேகையில் 9, 10 பாகை வித்தியாசம். நேர்கோட்டில் அது பூமியின் ஆரத்தில் ஆறில் ஒரு பங்கு. அன்றைக்கு நிலா தெற்கே சாய்ந்து நின்றதால், பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே கிடைக்கிற அகலம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒரு நீளம் 6 கலைக் கோணத்தில் தெரிகிறது என்றால், அது தன் நீளத்தைப் போல் சுமார் 570 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 570-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள், 71 வருகிறது. இது நான் சுருக்கிப் போட்ட கணக்கு. ஆனால் ஹிப்பார்க்கஸுக்கு நிலாவின் மிகக் குறைந்த தூரமாகக் கிடைத்ததும் பூமியின் ஆரத்தைப் போல் 71 மடங்குதான். பிறகு வேறொரு வழியில் கணக்கிட்டு, சராசரி 67 மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று சொன்னார். உண்மையான சராசரி சுமார் 60. தொலைநோக்கி இல்லை, நல்ல கடிகாரம் இல்லை, இரண்டு ஊர்களில் இருந்து வந்த செய்திதான் தரவு. அதை வைத்து இவ்வளவு நெருங்கியதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே அவர் செய்த ஒரு காரியம் உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சூரியனுக்கும் இடமாறு தோற்றம் இருக்க வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன செய்வது? முதல் கணக்கில் அதைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டார். இரண்டாவதில், கண்ணில் படாமல் தப்பிக்கக்கூடிய பெரிய அளவாக 7 கலை என்று வைத்தார். 7 கலை என்றால் சூரியன் பூமியின் ஆரத்தைப் போல் 490 மடங்கு தூரத்தில் இருக்கும். அதைவிட அருகில் இருந்தால் நகர்வு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதாவது, ஒரு நகர்வு தெரியவில்லை என்றால் அந்த நகர்வே இல்லை என்று முடிவுகட்டாமல், இவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்று எல்லை போட்டார். இன்று ஆய்வுக் கட்டுரைகளில் அளவிட முடியாத ஒன்றுக்கு மேல்வரம்பு சொல்கிறார்களே, அதே சிந்தனை. உண்மையில் சூரியனின் இடமாறு தோற்றம் 8.8 விகலைதான். அது கண்ணுக்கு எட்டாத அளவு. 18-ஆம் நூற்றாண்டில் வெள்ளி சூரியனைக் கடப்பதை உலகின் பல மூலைகளில் இருந்து பார்த்துத்தான் அதை ஒழுங்காகப் பிடித்தார்கள். அதில் 1769-ஆம் ஆண்டுக் கடப்பைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, அன்று காலை மேகம் மூடியதால் ஒன்றும் பார்க்காமல் போனார்.

பூமியை நடுவில் வைத்த வானியலாளர் தாலமி, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், இதற்கென்றே மூன்று சட்டங்கள் கொண்ட ஒரு கருவி செய்து அலெக்சாண்டிரியாவில் நிலாவை அளந்தார். விளைவு ஹிப்பார்க்கஸை விட மோசம். அரை நிலா நாட்களில் நிலா மிக அருகே வருவதாக அவருடைய கணித மாதிரி சொன்னது. ஒரு முனையில் 64 மடங்கு, மறு முனையில் 33 மடங்கு. அப்படியானால் நிலா சில நாட்களில் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். தலையைத் தூக்கிப் பார்க்கிற யாருக்கும் அது இல்லை என்று தெரியும். அந்தப் பொருத்தமின்மையை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

சரி, இப்போது விண்மீன்களுக்கு வருவோம்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னவர் சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில். அதைச் சொன்ன அவருடைய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. மணல் துகள்களால் பிரபஞ்சத்தை நிரப்பினால் எத்தனை துகள் வேண்டும் என்று சிராக்கூஸின் கெலோன் மன்னனுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய சிறு நூல் ஒன்று இருக்கிறது. அதில் சில வரிகளாக இந்தக் கருத்து தங்கியிருக்கிறது. சூரியனும் விண்மீன்களும் அசைவதில்லை, பூமி சூரியனைச் சுற்றி வட்டத்தில் வருகிறது, விண்மீன் கோளம் மிகப் பெரியது. எவ்வளவு பெரியது என்றால், பூமியின் சுற்றுப்பாதைக்கும் விண்மீன்களின் தூரத்துக்கும் உள்ள விகிதம், ஒரு கோளத்தின் மையத்துக்கும் அதன் பரப்புக்கும் உள்ள விகிதம் போன்றது. ஆர்க்கிமிடீஸுக்கு இது பிடிக்கவில்லை. மையப் புள்ளிக்கு அளவே கிடையாது, அதற்கு விகிதம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். கணிதமாக அவர் கேட்டது சரி. ஆனால் அரிஸ்டார்க்கஸ் ஏன் அப்படி ஒரு வாக்கியத்தைப் போட்டார் என்று யோசியுங்கள். பூமியின் பாதை முழுவதையும் ஒரு புள்ளியாக்கிவிட்டால் எந்த விண்மீனும் இடம் மாறித் தெரியாது. அந்த வரியில் காரணம் எழுதப்படவில்லை என்றாலும், பிரபஞ்சத்தை இவ்வளவு பெரிதாக்க அவருக்கு வேறு என்ன தேவை இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்ப்பு வருவதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

ஆர்க்கிமிடீஸ் தன் மணல் கணக்குக்காக எடுத்துக்கொண்ட அளவும் சுவாரசியமானது. விண்மீன் கோளம் பூமியின் பாதையைப் போல் 10,000 மடங்குக்கு மேல் போகாது என்று வைக்கிறார். அந்த எல்லையிலேயே விண்மீன்கள் இருந்தால், ஆறு மாதத்தில் தெரியக்கூடிய மொத்த நகர்வு ஒரு கலையை விடக் குறைவு. வெறும் கண்ணின் எல்லைக்குக் கீழே! அவர் இதைக் கணக்கிட்டதாகச் சொல்லவில்லை, நான் போட்டுப் பார்த்தேன். மணலுக்காக எடுத்த எண்ணே அரிஸ்டார்க்கஸைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் ஏற்கவில்லை? இங்கேதான் நீங்கள் படித்த விளக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வழக்கமாக அரிஸ்டாட்டிலைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். வானத்தைப் பற்றிய தன் நூலில், பூமி நகர்ந்தால் விண்மீன்கள் விலகியும் திரும்பியும் தெரிய வேண்டும், ஆனால் அதே விண்மீன்கள் எப்போதும் அதே இடங்களில்தான் உதித்து மறைகின்றன என்கிறார். கேட்பதற்கு நம் வாதம் மாதிரியே இருக்கிறது. முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால், வட்டமாகச் சுற்றுகிற கோள்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இயக்கங்கள் உண்டு, பூமிக்கும் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பேச்சு. ஓராண்டுப் பாதையின் இரு கோடிகளில் இருந்து ஒரு விண்மீனை ஒப்பிடுவது என்ற தெளிவான யோசனையை அதற்குள் தேடுவது இழுத்துப் பிடிப்பது. அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322. அரிஸ்டார்க்கஸ் அதற்கு அப்புறம்தான் பிறந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

தாலமியோ பூமியின் ஆண்டு இயக்கத்தைத் தனியே எடுத்து மறுக்கவே இல்லை. தன் வானியல் நூலான அல்மஜெஸ்ட்டின் தொடக்கத்தில், பூமி நடுவில் இல்லாவிட்டால் அடிவானம் வானத்தைச் சரிபாதியாக வெட்டாது, சந்திர கிரகணங்கள் சூரியனுக்கு நேர் எதிரே நிகழாது என்றெல்லாம் சொல்கிறார். அடுத்த அத்தியாயத்திலேயே, விண்மீன் கோளத்தின் முன் பூமி வெறும் ஒரு புள்ளி என்றும் சொல்கிறார். பூமி தன்னைத்தானே சுழல்வது பற்றி அவர் எழுதியது இன்னும் நேர்மையானது: வானத்தில் தெரிகிற எதுவும் அதற்கு எதிராக இல்லை, ஆனால் தரையிலும் காற்றிலும் நடப்பதை வைத்துப் பார்த்தால் அது நடவாத காரியம். பூமி அவ்வளவு வேகமாகச் சுழன்றால் மேகங்களும் பறவைகளும் எறிந்த பொருட்களும் பின்தங்கி, எதுவும் கிழக்கு நோக்கிப் போவதையே நாம் பார்க்க முடியாது என்பது அவர் வாதம். நகரும் பூமியோடு காற்றும் பறவையும் சேர்ந்தே நகர்ந்துகொண்டிருக்கும் என்று விளக்கும் இயக்கவியல் அன்று யாரிடமும் இல்லை. என் கணிப்பில், பூமியை நிறுத்தி வைத்ததில் இந்த வாதத்துக்குத்தான் பங்கு அதிகம். விண்மீன்கள் நகராதது அதற்குத் துணை நின்றது, அவ்வளவே.

மதத்தின் பயமும் ஒரு காரணம் என்று சிலர் சொல்வார்கள். உலகத்தின் அடுப்பையே, அதாவது நடுவில் இருக்கும் புனிதமான பூமியையே, இடம் பெயர்த்ததற்காக அரிஸ்டார்க்கஸ் மேல் தெய்வ நிந்தனை வழக்குப் போட வேண்டும் என்று ஸ்டோயிக் தத்துவவாதி கிளியாந்தஸ் நினைத்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அதே புளூட்டார்க்தான், பாபிலோனியப் பகுதியைச் சேர்ந்த செலூக்கஸ் என்பவர் அரிஸ்டார்க்கஸின் கருத்தை உறுதியாகவே வலியுறுத்தினார் என்றும் எழுதுகிறார். ஆக, ஆதரவாளர் இல்லாமலும் போகவில்லை.

ஆனாலும் தூரம் ஒரு பெரிய தடையாக இருந்தது உண்மை. அதை எண்களில் பார்த்தால் அவர்கள் பக்கத்து நியாயம் புரியும். தாலமியின் கணக்கில் சூரியன் பூமியின் ஆரத்தைப் போல் 1,210 மடங்கு தூரத்தில் இருக்கிறது. உண்மையான தூரம் சுமார் 23,500 மடங்கு. கோள்களின் கோளங்களை ஒன்றுக்குள் ஒன்றாக இடைவெளி இல்லாமல் அடுக்கிப் பார்த்து, விண்மீன்கள் 20,000 மடங்கு தூரத்தில் இருப்பதாக முடிவு செய்தார். அந்தப் பிரபஞ்சம் முழுவதையும் எடுத்து நம் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வைத்தால் இன்னும் இடம் மிச்சம் இருக்கும்! இப்போது அந்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பூமியை மட்டும் சூரியனைச் சுற்ற விடுங்கள். ஆறு மாதத்தில் பூமி இடம் மாறும் தூரம் 2,420 ஆரம். விண்மீன்கள் 20,000-இல். நகர்வு ஏறக்குறைய 7 பாகை வரும், அதாவது முழு நிலாக்கள் பதினான்கை வரிசையாக அடுக்கிய அகலம். அதைக் கவனிக்க வானியலாளர் தேவையில்லை, ஆடு மேய்ப்பவரே சொல்லிவிடுவார். தாலமி காலத்துப் பிரபஞ்சத்தில் பூமி சுற்றவில்லை என்பது அளந்தே உறுதியான விஷயம். அதில் தவறு இருந்தது அளவிட்டதில் இல்லை, பிரபஞ்சத்தின் அளவில்.

அரிஸ்டார்க்கஸை ஏற்க வேண்டுமென்றால், அன்று தெரிந்த கடைசிக் கோளான சனிக்கும் விண்மீன்களுக்கும் இடையே ஒன்றுமே இல்லாத மாபெரும் வெற்றிடத்தை ஏற்க வேண்டும். அந்த வெற்றிடத்துக்கு ஒரே சான்று, அது இல்லாவிட்டால் என் கொள்கை தோற்றுவிடும் என்பதுதான். இந்த விலையைக் கொடுக்க ஹிப்பார்க்கஸ் போன்ற கைதேர்ந்தவர்கள் தயங்கியதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. கோப்பர்நிக்கஸ் 1543-இல் சொன்ன பதிலும் அரிஸ்டார்க்கஸ் சொன்னதுதான்: விண்மீன்கள் மிக மிகத் தூரம். தொலைநோக்கி வருவதற்கு முந்தைய வானியலாளர் டைக்கோ பிராகி ஒன்றிரண்டு கலை வரை துல்லியமாக அளந்தும் நகர்வு காணாமல், அந்தப் பதிலை மறுத்தார். அவருடைய மறுப்பு கூர்மையானது. பிரகாசமான விண்மீன்களுக்குச் சில கலை அகலம் இருப்பதாக அவர் கருதினார். அவ்வளவு தூரத்தில் இருந்தும் அந்த அகலம் தெரிகிறது என்றால், ஒவ்வொரு விண்மீனும் பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பருத்திருக்க வேண்டுமே என்று கேட்டார். விண்மீனின் அந்த அகலம் ஒளி பரவுவதாலும் கண்ணாலும் வருகிற பொய்த் தோற்றம் என்று தெரிய நெடுங்காலம் ஆயிற்று.

பூமி நகர்வதற்கான நேரடிச் சான்று கடைசியில் வேறு வாசல் வழியாக வந்தது. இடமாறு தோற்றத்தைத் தேடிப் போன ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி, 1720-களின் இறுதியில், எல்லா விண்மீன்களும் ஆண்டுதோறும் சுமார் 20 விகலை அசைவதைக் கண்டார். பூமியின் வேகமும் ஒளியின் வேகமும் சேர்ந்து உண்டாக்கும் அசைவு அது. தேடியது வேறு, கிடைத்தது வேறு, ஆனால் பூமி ஓடுகிறது என்பது உறுதியாயிற்று. உண்மையான இடமாறு தோற்றத்தை 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு அளந்து வெளியிட்டார். அவருக்குக் கிடைத்தது 0.31 விகலை. ஒரு ரூபாய் நாணயத்தை 13 கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. ஏறக்குறைய அதே சமயத்தில் ஸ்ட்ரூவ் வேகா விண்மீனையும், தாமஸ் ஹெண்டர்சன் ஆல்ஃபா சென்டாரியையும் அளந்தார்கள். ஹெண்டர்சன் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1830-களின் தொடக்கத்திலேயே அளவுகளை எடுத்துவிட்டு, வெளியிடத் தாமதித்ததால் முதல் பெயர் பெஸ்ஸலுக்குப் போனது.

இன்னும் கவனமாகப் பார்த்திருந்தால் என்று கேட்டீர்கள் அல்லவா? வெறும் கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களில் நமக்கு மிக அருகே இருப்பது அந்த ஆல்ஃபா சென்டாரிதான். தமிழ்நாட்டில் மே மாத இரவுகளில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே பிரகாசமாகத் தெரியும். இன்று அலெக்சாண்டிரியாவில் இருந்து அதைப் பார்க்க முடியாது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால், தாலமி காலத்தில் அங்கிருந்தும் தெரிந்தது, அவருடைய விண்மீன் அட்டவணையில் அதற்கு இடமும் உண்டு. அந்த அட்டவணையில் இடங்கள் பெரும்பாலும் ஆறில் ஒரு பாகை அளவுக்குத்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன, அதாவது 600 விகலை. ஆல்ஃபா சென்டாரியின் இடமாறு தோற்றம் 0.75 விகலை. அவர் 800 மடங்கு நுட்பமாக அளந்திருக்க வேண்டும்.